டீ டம்ளர் சுடவில்லையே, ஏன்?

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பழைய 350 சிசி புல்லட்டில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போனேன் சார். விழுப்புரம் தாண்டி ஒரு கடையில் நிறுத்தி டீ வாங்கினேன். டம்ளரின் சூடே விரலில் உறைக்கவில்லை. உதடு பொத்துப்போன பிறகுதான் டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது தெரிந்தது. கூட வந்த நண்பனுடையது புது மாடல், அதுவும் 350தான். அவன் சாதாரணமாகக் குடித்துக்கொண்டிருந்தான். எனக்கு சர்க்கரை இருக்குமோ?"

சர்க்கரைக்கு ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள், தப்பில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் விரல் சரியாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் சந்தேகம் முதலில் வண்டியின் உதறல் மேல்தான் வர வேண்டும், விரலை மரத்துப்போக வைப்பது அதுதான்.

பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது, அதோடு கோத்த கனெக்டிங் ராட் அதைக் கிராங்க் என்ற தண்டின் சுழற்சியாக மாற்றுகிறது என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். உள்ளே பெட்ரோல் வெடிப்பதால்தான் வண்டி உதறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் பங்கு உண்டு. ஆனால் வேகம் ஏற ஏறக் கையைப் பதம் பார்ப்பது வெடிப்பு அல்ல, பிஸ்டன் நின்று நின்று திரும்புவது. பழைய புல்லட்டில் பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால், பிஸ்டன் நொடிக்கு 67 முறை மேலே போய் நின்று, திரும்பி, கீழே வந்து நின்று, மறுபடி திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 800 மடங்கு. பிஸ்டனைக் கால் கிலோ என்று வைத்துக்கொண்டால்கூட, அதைப் பிடித்துத் திருப்ப 200 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும், அதாவது நான்கு சிமென்ட் மூட்டை. எஞ்சின் பிஸ்டனை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு பிஸ்டனும் எஞ்சினை இழுக்கும், நியூட்டன் விடமாட்டார். எஞ்சின் சேஸிஸில் இருக்கிறது, சேஸிஸில் ஹேண்டில்பார் இருக்கிறது, அதன் நுனியில் உங்கள் கை. சுற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சமாளிக்கக் கிராங்க்கில் பிஸ்டனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கனத்தை வைக்கலாமே? வைத்துத்தான் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், பிஸ்டன் மேலும் கீழும்தான் போகிறது, கனமோ வட்டமாகச் சுற்றுகிறது. பிஸ்டன் மேலே இருக்கும்போது கனம் கீழே இருந்து ஈடுகட்டிவிடும், சரி. கால் சுற்று கழித்து கனம் பக்கவாட்டில் நிற்கும், அங்கே அதற்கு ஈடுகொடுக்கப் பிஸ்டன் இருக்காது. மேல்கீழ் உதறலை முழுதாக அடக்கினால், அவ்வளவும் முன்பின் உதறலாக மாறி நிற்கும். பாதிக் கனம் வைத்தால் பாதி உதறல் எந்தக் கோணத்திலும் மிச்சம் இருக்கும்.

அந்த மிச்சப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டு ஆட்காட்டி விரல்களையும் முகத்துக்கு நேரே பக்கத்தில் பக்கத்தில் நீட்டி, காற்றில் ஒரே அளவில் வட்டம் போடுங்கள். வலது விரல் கடிகாரம் ஓடும் திசையில், இடது விரல் எதிர்த்திசையில். இரண்டும் உச்சியில் ஒன்றாகக் கிளம்ப வேண்டும், ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். (பஸ்ஸில் செய்யாதீர்கள். நான் செய்தபோது பக்கத்து சீட்காரர் எழுந்து முன்னால் போய்விட்டார்.) உச்சியில் இரண்டு விரலும் மேலே. கால் சுற்றில் ஒன்று வலக்கோடியில், மற்றது இடக்கோடியில். அரைச் சுற்றில் இரண்டும் கீழே. இப்போது இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பக்கவாட்டு அசைவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகின்றன. மேல்கீழ் அசைவுகள் மட்டும் கூடி நிற்கின்றன. எதிரெதிராகச் சுற்றும் இரண்டு வட்டங்களைக் கூட்டினால் கிடைப்பது மேலும் கீழும் போகும் ஒரு நேர்கோடு!

இதையே திருப்பிப் போடுங்கள். மேலும் கீழும் ஆடும் எந்த ஆட்டமும், எதிரெதிராகச் சுற்றும் இரண்டு பாதிகளின் கூட்டு. பிஸ்டனின் ஆட்டமும் அப்படித்தான். அதில் ஒரு பாதி கிராங்க் சுற்றும் திசையிலேயே சுற்றுகிறது. கிராங்க்கில் வைத்த பாதிக் கனம் அதைத் துடைத்துவிடுகிறது. மிச்சமிருப்பது எதிர்த்திசையில் சுற்றும் மறுபாதி. எதிர்த்திசையில் ஓடுவதைக் கிராங்க்கில் எதைக் கட்டினாலும் பிடிக்க முடியாது. அதைப் பிடிக்கத் தானும் எதிர்த்திசையில், அதே வேகத்தில் ஓடும் இன்னொன்று வேண்டும். கிராங்க்குக்குப் பக்கத்தில் பல்சக்கரத்தால் கோத்து, ஒருபக்கம் கனமான ஒரு தண்டைச் சுற்றவிடுகிறார்கள். அதுதான் பேலன்சர் ஷாஃப்ட். வண்டியை நகர்த்த அது எள்ளளவும் உதவுவதில்லை. கொஞ்சம் எடை, கொஞ்சம் உராய்வு, கொஞ்சம் செலவு, எல்லாம் ஒரு கற்பனை வட்டத்தை அழிப்பதற்காக! பொறியியலில் எனக்கு இதைவிடப் பிடித்த பொருள் அதிகம் இல்லை. எதிரெதிர்த் தண்டுகளை வைத்து அதிர்வை அடக்கும் வேலையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர் காருக்காகச் செய்துவிட்டார். அதைப் பார்க்கும்போது நம்முடைய 350க்கு அது வந்துசேர்ந்தது ரொம்பத் தாமதம்தான்.

ராயல் என்ஃபீல்டில் 2020இல் வந்த மீட்டியோர், 2021இல் மாறிய கிளாசிக், 2023இல் மாறிய புல்லட் எல்லாவற்றிலும் இருக்கும் புது 350 எஞ்சினுக்குள் இந்தத் தண்டு உண்டு. உங்கள் பழைய வண்டியில் இல்லை. உங்கள் நண்பரின் விரலுக்கு டீ சுட்டதன் காரணம் இதுதான்.

நண்பர் வண்டியும் முழு அமைதி அல்ல. கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து போவதால், பிஸ்டன் மேல் பாதியில் வேகமாகவும் கீழ்ப் பாதியில் மெதுவாகவும் திரும்புகிறது. இதனால் சுற்றுக்கு இரண்டு முறை அடிக்கும் இன்னொரு சின்ன அதிர்வு, முதலாவதில் சுமார் கால் பங்கு, எப்போதும் உண்டு. இந்த ஒற்றைத் தண்டு அதைத் தொடுவதில்லை. வேகத்தில் போகும்போது ஃபுட்ரெஸ்ட்டில் வரும் அந்த 'ஜிர்ர்' பெரும்பாலும் இதுதான். அதே கம்பெனியின் இன்டர்செப்டர் 650 வண்டியில் இரண்டு பிஸ்டன்களை 270 பாகை தள்ளி வைத்திருப்பதால், இந்தச் சின்ன அதிர்வுகள் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. அது தனிக் கதை.

தண்டு இருந்தால் போதாது, சரியான இடத்தில் நிற்க வேண்டும். ஒருமுறை எஞ்சினைத் திறந்து வேலை பார்த்த பிறகு என் வண்டி புதிதாக உதற ஆரம்பித்தது. "புது பார்ட்ஸ் சார், ஓட ஓட செட்டாயிடும்" என்றார்கள். 400 கிலோமீட்டர் ஓடியும் செட்டாகவில்லை. வேறொரு மெக்கானிக் திறந்து பார்த்தார். கிராங்க் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி, பேலன்சர் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி, இரண்டும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளி நின்றது. 30 பல் உள்ள சக்கரத்தில் ஒரு பல் என்றால் 12 பாகை. அதற்கே தண்டு அழிக்க வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். அரைவட்டம் தள்ளி மாட்டினால் தண்டே இல்லாத வண்டியைவிட இரண்டு மடங்கு உதறும். எஞ்சின் திறந்தால் மூடும் முன் அந்தப் புள்ளிகளை மொபைலில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், விரல். தொடர்ந்து வரும் அதிர்வு விரலில் உள்ள உணர்வேற்பிகளைக் களைக்க வைத்து, ரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் அதிர்வு இன்னும் நன்றாகக் கைக்குள் ஏறும், உள்ளங்கை நரம்பும் நசுங்கும். ஒரு சக பயணி எனக்குச் செம்புக் காப்பு சிபாரிசு செய்தார், வைப்ரேஷனை அது 'எர்த்' பண்ணிவிடுமாம். அதிர்வு கரண்ட் இல்லை, வண்டியும் ரப்பர் டயரில் நிற்கிறது என்றேன். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு வேலை செய்யாது என்றார்! காப்புக்குப் போகும் காசில் ஹேண்டில் நுனியில் கனமான பார் எண்ட் போடலாம். நுனியில் எடை கூடினால் கம்பியின் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம்) இறங்கும், ஆட்டமும் குறையும்.

உங்களுக்கும் எனக்கும் இது ஞாயிற்றுக்கிழமைத் தொந்தரவு. பொழுதெல்லாம் வண்டியிலேயே இருக்கும் டெலிவரி பையன்களுக்கு? ஐரோப்பிய ஒன்றியம் 2002இலேயே தொழிலாளி கையில் ஏறும் அதிர்வுக்கு 8 மணி நேரக் கணக்கில் வரம்பு போட்டது: அதிர்வின் முடுக்கம் 2.5 மீட்டர்/நொடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 தாண்டவே கூடாது. உலகிலேயே அதிகம் இருசக்கர வாகனம் விற்கும் நாட்டில், அந்தப் பையன்களின் கையில் ஓர் அளவுமானியைக் கட்டி அளக்க அரசு பணம் ஒதுக்கினால் என் வரிப்பணம் வீண் என்று நான் நினைக்கமாட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. காலியான நேர் ரோட்டில் எக்ஸலேட்டரை விட்டுக் கிளட்சைப் பிடியுங்கள். உதறல் சட்டென்று அடங்கினால் எஞ்சின் வேலை, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை முடுக்கிப் பாருங்கள். அடங்காமல் வண்டி வேகத்தோடு மெல்லக் குறைந்தால் அது சக்கரம். 80 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு 11 தடவைதான் சுற்றும், அந்தக் குலுக்கலே வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது, உங்கள் வண்டியில் எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, ஆனால் சைடு கண்ணாடி இருக்கிறதே. பின்னால் வரும் லாரியின் நெற்றியைப் பாருங்கள். 'முருகன் துணை' இடவலம் மாறித் தெரியும், பக்கத்தில் இருக்கும் வேல் மாறாது. எந்த வேகத்தில் கண்ணாடி உதறி அந்த ஒற்றை வேல் இரண்டாகத் தெரிகிறதோ, அதற்கு ஐந்து கிலோமீட்டர் கீழேயே ஓட்டுங்கள். நான் முன்பு வைத்திருந்த, பேலன்சர் இல்லாத வண்டியில் அது 72இல் இரண்டாகும்.