பழைய நகையை விற்கும் முன் கிராமில் கணக்குப் போடுங்கள்

“அண்ணே, இது எவ்ளோ தேறும்?”

அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஓர் அட்டிகையை என் மேசையில் வைத்தார். மாமியார் கழுத்தில் கிடந்தது. சிவப்புக் கெம்புக் கல், பின்பக்கம் முழுக்க அரக்கு. மாமனாரை சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், பணம் கட்ட வேண்டும். பஜாரில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். அவர்கள் ஒரு தொகையைச் சொல்லி, “இப்பவே தர்றோம், நாளைக்கு விலை இறங்கிடும்” என்றிருக்கிறார்கள். அந்தத் தொகை எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் வேலூரில் வங்கி நகைக்கடனுக்கு மதிப்பீடு செய்கிறவன். அப்பா ஆசாரி. அவருடைய உரைகல் இன்னும் என் பையில் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு, கல்லூரிக் கட்டணம், வீட்டு வேலை என்று அவசரத்தில் நகையை எடுத்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். ரூபாயைக் கேட்காதீர்கள், முதலில் கிராமைக் கேளுங்கள். நிகர எடை எவ்வளவு, டச் (நூறு பங்கில் சுத்தத் தங்கம் எத்தனை பங்கு) எவ்வளவு, இன்றைய கிராம் விலை எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

அந்த அட்டிகையின் மொத்த எடை 28.400 கிராம். முதல் கடைக்காரர் துண்டுச் சீட்டில் கிறுக்கியிருந்ததை வைத்துப் பார்த்தேன். கல்லுக்கும் அரக்குக்கும் 8 கிராம் கழித்திருக்கிறார். மீதி 20.400. அதில் உருக்குச் சேதாரம் என்று 4 சதவீதம். வந்த 19.584 கிராமை 80 டச் என்று போட்டால் சுத்தத் தங்கம் 15.667 கிராம். 22 காரட் என்பது 91.6 சதவீதம் சுத்தத் தங்கம், அதனால் 22 காரட் எடையாக மாற்ற அதை 0.916ஆல் வகுக்க வேண்டும். சுமார் 17.10 கிராம் 22 காரட் தங்கத்துக்கான பணம்தான் அந்த அம்மாவுக்கு. மூன்று இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைத்தால் இப்படித்தான் ஆகும். ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால் நியாயம் போலவே இருக்கும்.

இதில் உருக்குச் சேதாரம்தான் எனக்குப் பெரிய வருத்தம். நகையை உருக்கினால் அழுக்கும் கொஞ்சம் பொடியும் போகும், உண்மைதான். எவ்வளவு போனது என்று உருக்கிய கட்டியைத் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும். அந்தக் கட்டியின் எடைக்கும் டச்சுக்கும்தான் விலை. அதற்கு மேல் முன்கூட்டியே ஒரு சதவீதத்தை எடுப்பது ஒரே நஷ்டத்தை இரண்டு முறை கழிப்பது. செய்கூலியும் சேதாரமும் நகை வாங்கும்போதே கொடுத்து முடித்த கணக்கு. விற்கும்போது அந்தப் பணம் திரும்பாது, அதேபோல் புதிதாக எடுக்கவும் கூடாது.

டச் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். எக்ஸ்ரே மெஷின் மேல்பரப்பைத்தான் படிக்கும். மெருகு போட்ட நகை, கில்ட் பூசிய நகை என்றால் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் ஓரிடத்தில் வைத்து முடித்துவிடாமல் கொக்கி, பற்றவைத்த இடம், நடுப்பகுதி என்று மூன்று நான்கு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பவுன் காசை உருக்கிச் செய்த நகையிலும் பற்றவைத்த பொடியில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும், ஆகவே டச் குறையும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, அன்றைய வேலை அப்படி. “கே.டி.எம். போட்டிருக்கே” என்று பலர் காட்டுவார்கள். அது காட்மியம் சேர்த்துப் பற்றவைத்ததைக் குறிக்கும் பேர், தரத்துக்கு அரசு கொடுத்த முத்திரை அல்ல.

2021 ஜூலைக்குப் பிறகு ஹால்மார்க் போட்ட நகையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22 காரட் என்றால் 22கே916, பக்கத்தில் ஆறு எழுத்து எண் கலந்த ஹெச்.யு.ஐ.டி. என்ற அடையாளக் குறி இருக்கும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த ஆறையும் அடித்தால் என்ன நகை, எத்தனை காரட் என்று வந்துவிடும். முத்திரை இல்லாத பழைய நகையை ஹால்மார்க் மையத்துக்கே கொண்டுபோய்ச் சிறு கட்டணத்தில் சோதித்துக்கொள்ளலாம். வாங்கப் போகிறவர் சோதிப்பதும் வாங்காதவர் சோதிப்பதும் ஒன்றல்ல.

காசுமாலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜா தலை போட்ட அசல் இங்கிலாந்துப் பவுனாக இருந்தால் ஒரு காசு 7.988 கிராம், 22 காரட். இன்று நாம் பவுன் என்று சொல்கிற 8 கிராம் அதிலிருந்து வந்ததுதான். வளையம் பற்றவைக்காத முழுக்காசுக்குத் தங்க விலைக்கு மேலும் கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. அதை உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

சென்னை விலை காலையில் வரும், ஒரே நாளில் மறுபடி மாறவும் செய்யும். கடை போர்டில் இருப்பது அவர்கள் விற்கும் விலை. வாங்கும்போது கிராமுக்கு எவ்வளவு குறைப்பார்கள் என்பதை உருக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். விலை ஒத்துவராவிட்டால் கட்டியைத் திருப்பித் தருவார்களா என்றும் கேளுங்கள், ஏனென்றால் உருக்கின பிறகு அது உங்கள் நகையாகத் திரும்பி வராது. தனிமனிதர் பழைய நகையை விற்பதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். நாலைந்து மாதத்தில் பணம் வந்துவிடும் என்றால் விற்காமல் அடகு வைப்பதே என் யோசனை.

அந்த அம்மாவுக்குத் திருப்பும் வழி இல்லை. விற்றே ஆக வேண்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வேறொரு கடையில் அவர் கண்ணெதிரே கல்லையும் அரக்கையும் எடுத்துத் தனியாக நிறுத்தார்கள், 6.150 கிராம். பொன் 22.250. உருக்கிய கட்டி 22.120, டச் 84. சுத்தத் தங்கம் 18.580 கிராம், 22 காரட் கணக்கில் சுமார் 20.28. முதல் கடை சொன்னதைவிட மூன்று கிராமுக்கு மேல் கூடுதல்.

சாயங்காலம் ரசீதைக் காட்ட வந்தார். கையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலமும் இருந்தது. கெம்புக் கற்கள். “எடையில கழிச்சிட்டீங்க இல்ல, கல்லக் குடுத்துடுங்கன்னு கேட்டு வாங்கினேண்ணே. பொண்ணுக்குக் கம்மல் செய்யச் சொல்ல உதவும்” என்றார்.