வன்வட்டு: வளையாத தட்டுக்கு வந்த பெயர்

ஹார்டு டிஸ்க் என்று நாள்தோறும் சொல்கிறோம். அதில் ‘ஹார்டு’ எதற்கு? 1956இல் ஐபிஎம் நிறுவனம் முதல் வட்டுச் சேமிப்புக் கருவியை வெளியிட்டபோது பெயரில் அந்த ஒட்டு கிடையாது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை ஒரே அச்சில் கோத்த, ஒரு டன்னுக்குக் குறையாத பூதம் அது. கொள்ளளவு ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கைபேசியில் எடுத்த ஒன்றிரண்டு புகைப்படங்களிலேயே நிரம்பிவிடும்.

1971இல் அதே நிறுவனம் ஃபிளாப்பியைக் கொண்டுவந்தது. காந்தப் பூச்சுள்ள மெல்லிய பிளாஸ்டிக் வட்டம், மேலே ஓர் உறை; கையில் எடுத்தால் தொளதொளவென்று வளையும். வளைகிற வட்டு ஒன்று வந்த பிறகுதான், வளையாத பழையதைப் பிரித்துச் சொல்ல ‘ஹார்டு’ தேவைப்பட்டது. கைபேசி வந்த பிறகு வீட்டுத் தொலைபேசி ‘தரைவழித் தொலைபேசி’ ஆனதைப் போலத்தான். ஃபிளாப்பி மறைந்துவிட்டது, அதற்கு எதிராக வைத்த பெயர் மட்டும் தங்கிவிட்டது.

‘டிஸ்க்’ கிரேக்க மூலம் கொண்டது. ‘டிஸ்கோஸ்’ என்றால் போட்டிகளில் வீசி எறியும் தட்டு. நமது ‘வட்டு’ம் விளையாட்டோடு தொடர்புள்ள சொல்தான் என்பது எனக்குப் பிடித்த பொருத்தம். கல்லாமை அதிகாரத்தின் முதல் குறள் (401) ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்று தொடங்குகிறது. கட்டம் கீறாமல் காய் உருட்டி ஆடுவதை, நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவதற்கு உவமையாக்குகிறார் வள்ளுவர். அந்த வட்டு நம் மேசைக்குள் சுழல வந்ததில் வலிந்து செய்த சொல்லாக்கம் ஏதும் இல்லை.

தமிழில் இதற்கு ஒரே பெயர் நிலைக்கவில்லை. வன்தட்டு, வன்வட்டு, நிலைவட்டு என்று மூன்றும் அச்சில் வருகின்றன. ‘நிலைவட்டு’க்கு ஒரு நியாயம் உண்டு. ஃபிளாப்பியைப் போலக் கழற்றி எடுக்காமல் கணினிக்குள்ளேயே நிலையாக இருந்ததால் ஆங்கிலத்திலும் அதற்கு ‘ஃபிக்ஸ்டு டிஸ்க்’ என்ற பெயர் இருந்தது. ஆனால் இன்று அதையே பைக்குள் போட்டுக்கொண்டு நடக்கிறோம். ‘வெளி நிலைவட்டு’ என்று எழுதும்போது பேனா தயங்குகிறது.

‘வன்தட்டு’ தவறில்லை. பழைய புணர்ச்சி விதிப்படி அது ‘வன்றட்டு’ ஆகவேண்டும்; வன்தொண்டர் வன்றொண்டர் ஆனது அப்படித்தான். அப்படி எழுதினால் யாருக்கும் புரியாது என்பது வேறு விஷயம். மேலும், பெட்டியைத் திறந்தால் உள்ளே பளபளக்கும் அலுமினியம் அல்லது கண்ணாடி வட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும். அதை ஆங்கிலத்தில் ‘பிளாட்டர்’ என்கிறார்கள், அதாவது தட்டு. எனவே முழுக் கருவிக்கு வன்வட்டு, உள்ளே சுழல்வதற்குத் தட்டு என்று பங்கிட்டுக்கொள்வதே என் வழக்கம். வன்பொருள், மென்பொருள் என்று ஏற்கெனவே பழகிய காதுக்கு ‘வன்’ அந்நியமாகவும் ஒலிக்காது.

அந்தத் தட்டு மேசைக் கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. அதற்கு மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில், காற்றுப் படலத்தில் மிதந்தபடி ஒரு முனை படிக்கவும் எழுதவும் செய்கிறது. மனித முடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். ஓடிக்கொண்டிருக்கும் வட்டைத் தட்டிவிட்டால் ஏன் கதை முடிகிறது என்பது இப்போது விளங்கும். பெயரில்தான் வன்மை, நடத்தையில் அது கண்ணாடிப் பாத்திரம்.

எஸ்எஸ்டி (சாலிட் ஸ்டேட் டிரைவ்) வந்ததும் பெயர்ச்சிக்கல் இன்னொரு சுற்று தொடங்கியது. அதில் வட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை; சில்லுகள் மட்டுமே. ‘திண்மநிலை இயக்ககம்’ என்கிறார்கள். எதுவுமே அசையாத பொருளுக்கு இயக்ககம்! ‘டிரைவ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து எழுதியதன் விளைவு இது. ‘திண்மச் சேமிப்பகம்’ என்றால் போதும்.

சேமிப்பகம் என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர், ‘மெமரி நிறைந்துவிட்டது’ என்று கணினி சொன்னதாக நினைத்து ரேம் வாங்கிப் பொருத்தினார். எச்சரிக்கை போகவில்லை. நிறைந்திருந்தது வன்வட்டு. ரேம் என்பது நினைவகம்: வேலை நடக்கும்போது மட்டும் தரவை வைத்திருக்கும், மின்சாரம் நின்றால் எல்லாம் போய்விடும். மின்சாரம் நின்ற பிறகும் வைத்திருப்பது சேமிப்பகம். இரண்டையும் ‘மெமரி’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியதால் வந்த வீண்செலவு அது.

இதே போன்ற இன்னொரு குழப்பம் பாதுகாப்பையே பாதிக்கிறது. ‘டிலீட்’ என்பதை ‘அழி’ என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் வன்வட்டில் ஒரு கோப்பை டிலீட் செய்து குப்பைத்தொட்டியையும் காலி செய்தால், பொதுவாக நடப்பது பட்டியலிலிருந்து அதன் பெயர் எடுபடுவது மட்டுமே. உள்ளடக்கம் அதே இடத்தில் இருக்கும். அதன் மேல் வேறு தரவு எழுதப்படும்வரை மீட்பு மென்பொருள் அதைத் தோண்டி எடுத்துவிடலாம். ஆகவே டிலீட்டுக்கு ‘நீக்கு’ என்பதே சரி. ‘அழி’ என்பதை, இடம் முழுவதும் மேலெழுதித் துடைக்கும் செயலுக்கு ஒதுக்கிவைக்கலாம். பழைய வன்வட்டை விற்கிறவர் நீக்கினால் போதாது, அழிக்க வேண்டும். தொடக்கத்திலேயே வட்டு முழுவதையும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்திருந்தால் இந்தக் கவலை பெரிதும் குறையும். கடவுச்சொல் இல்லாதவருக்கு அதில் கிடைப்பது பொருளற்ற எண்குவியல்தான்.