பழைய டயரைப் படிக்காமல் புது டயர் போடாதீர்கள்

வாகனச் சோதனையில் டயருக்காகத் தேறாமல் போன காரோடு வருகிறவர்களிடம் ஒரு பதற்றம் இருக்கும். மறுசோதனைக்குக் கொடுத்த நாள் நெருங்கிக்கொண்டிருக்கும். கையில் சோதனைத் தாள். “பாஸ் ஆகுற மாதிரி ஏதாவது ஒரு டயர் போட்டுக் கொடுங்க, போதும்” என்பார்கள். இருபது வருடத்துக்கு மேலாக டயர் வேலை பார்க்கிறேன். இந்த வாக்கியத்தை வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது கேட்டுவிடுகிறேன். அவசரம் புரிகிறது. ஆனாலும் உடனே புது டயரை எடுத்துக்கொண்டு வரமாட்டேன். முதலில் பழைய டயரைக் கழற்றி, வெளிச்சத்தில் வைத்து, கையால் தடவிப் பார்ப்பேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண்மணி வந்தார். முன்பக்க டயர் இரண்டும் தேறவில்லை. நிறுத்தியிருந்த காரை வெளியிலிருந்து பார்த்தால் டயரில் ஒரு குறையும் தெரியாது. வெளி ஓரத்துப் பள்ளத்தை அளந்தேன், 5 மி.மீ. ஆழம் இருந்தது. “பாருங்க, நல்லாத்தானே இருக்கு. வேணும்னே ஃபெயில் பண்ணிட்டாங்க” என்று வருத்தப்பட்டார். காரை லிஃப்ட்டில் ஏற்றி, உள்பக்க ஓரத்தைக் காட்டினேன். ரப்பர் முழுக்கத் தேய்ந்து, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வெளியே எட்டிப் பார்த்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. முந்தின வாரம்தான் குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் போய் வந்திருக்கிறார். அந்த டயர்களுக்கு ஒரு வயதுதான் ஆகியிருந்தது.

ஒரு வருடத்தில் டயர் அப்படித் தேய்ந்தால் அது டயரின் குற்றம் இல்லை. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனை லொடலொடவென்று ஆடியது. அதனால் சக்கரங்கள் நேராக உருளாமல், கொஞ்சம் கோணலாக இழுபட்டுக்கொண்டே போயிருக்கின்றன. அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு உயர்ந்த டயரைப் போட்டிருந்தாலும் அடுத்த வருடம் இதே கதைதான்.

தேய்மானம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் நீண்ட நாளாகக் காற்று அதிகமாக இருந்திருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன், அதாவது சாலையில் படும் ரப்பர் கட்டிகள், நன்றாக இருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லை, அல்லது அந்தப் பெண்மணியின் காரைப் போலத் தளர்ந்துபோன பாகம். கையால் ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் தடவும்போது ரம்பம் போலவும் தட்டினாலும் அலைன்மென்ட்தான். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். சோதனைத் தாளில் ‘டயர் தேய்வு’ என்று ஒரு வரிதான் இருக்கும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

சரி, எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும்? பல நாடுகளில் சட்டப்படியான அளவு 1.6 மி.மீ. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உயரம் அதுதான். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. புதுக் கார் டயரில் ஏறக்குறைய 8 மி.மீ. ஆழம் இருக்கும். ஆனால் 1.6 என்பது கடைசி எல்லை. அதுவரை பாதுகாப்பு என்று அர்த்தம் இல்லை. பள்ளங்களின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. ஆழம் குறையக் குறைய, மழையில் டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் புகுந்து காரைத் தூக்கிவிடும். அந்த நேரத்தில் பிரேக்கும் கேட்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. காய்ந்த சாலையில் இந்த வித்தியாசம் தெரியாது என்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். என் சொந்தக் காரில் 3 மி.மீ. வந்தவுடனே மாற்றிவிடுகிறேன். வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

தேய்வு மட்டுமே காரணம் என்றும் இல்லை. பக்கச் சுவரில் முட்டை போல வீங்கியிருந்தால் உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். பள்ளத்தில் வேகமாக விழுந்தாலோ, நடைபாதை விளிம்பில் மோதினாலோ இது வரும். இதற்கு ஒட்டும் கிடையாது, தையலும் கிடையாது. பட்டன் முழுசாக இருந்தாலும் அந்த டயரை விட்டுவிட வேண்டியதுதான்.

இப்போது புது டயருக்கு வருவோம். காரில் ஏற்கெனவே இருந்த அளவையே கேட்டு வாங்குவதுதான் வழக்கம். அங்கேயே ஒரு தவறு நடக்கலாம், குறிப்பாகப் பழைய கார் வாங்கியவர்களுக்கு. முந்தைய உரிமையாளர் அழகுக்காகவோ விலைக்காகவோ அளவை மாற்றியிருக்கலாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். இல்லையென்றால் காரோடு வந்த கையேட்டில் இருக்கும். அதில் இருப்பதுதான் கார் தயாரித்தவர் சொன்ன அளவு.

185/65 ஆர்15 88எச் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்றால் ரேடியல், டயரின் உள்கட்டமைப்பு வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதுவரை எல்லோரும் பார்ப்பார்கள். பின்னால் வரும் 88எச்-ஐத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 88 என்றால் அந்த டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோதான். ஒரு சக்கரத்துக்கு 60 கிலோ, நாலு சக்கரத்துக்கு 240 கிலோ வித்தியாசம். ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கியில் பெட்டிகளை ஏற்றி, வெயிலில் நெடுந்தூரம் போகும்போது அந்த 240 கிலோ என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பளு அதிகமானால் டயர் சூடாகும், சூடான டயர் வெடிக்கும். எச் என்பது வேக எல்லை, மணிக்கு 210 கி.மீ. டி என்றால் 190, வி என்றால் 240. தாங்கும் பளுவும் வேக எல்லையும் ஒட்டுத்தாளில் இருப்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறையவே கூடாது.

அகலமான டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ. அதற்குப் பதில் 205/65 ஆர்15 போட்டால் 647.5 மி.மீ. நூற்றுக்கு நாலு கூடுதல். வேகமானி 100 காட்டும்போது கார் 104-ல் போய்க்கொண்டிருக்கும். முழுப் பளுவில் வளைவில் திரும்பும்போது டயர் மட்கார்டில் உரசவும் வாய்ப்பு உண்டு. சோதனையில் ஒருமுறை தேறாமல் போன காருக்கு இன்னொரு காரணத்தை நாமே கொடுக்க வேண்டாம்.

வாங்கும் டயரின் வயதைக் கட்டாயம் பாருங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசியில் நாலு இலக்கங்கள் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. ஒரு பக்கத்தில் இல்லையென்றால் மறுபக்கம் பாருங்கள். ஓடாமல் அலமாரியில் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும், இறுகும், வெடிப்பு விடும். ஐந்து வருடம் கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறை காட்டிப் பரிசோதிக்க வேண்டும், எவ்வளவு பட்டன் இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது பல டயர் நிறுவனங்களின் அறிவுரை. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

ஏற்கெனவே ஓடிய டயரைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். அது எந்தப் பள்ளத்தில் விழுந்தது, காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. உள்ளே இருக்கும் காயம் வெளியே தெரிவதில்லை. கையில் பணம் குறைவாக இருந்தால், சரியான அளவில், கொஞ்சம் எளிய பிராண்டில் புது டயராகப் போடுங்கள்.

எல்லா நல்ல குணமும் ஒரே டயரில் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட நாள் உழைக்கும் கடினமான ரப்பர் பெரும்பாலும் ஈரத்தில் கொஞ்சம் வழுக்கும். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஈரச் சாலையில் பிடிப்பு எப்படி என்று நான் பதிலுக்குக் கேட்பேன். புது டயரில் ஐரோப்பிய முறை ஒட்டுத்தாள் இருந்தால் அதில் ஈரப் பிடிப்புக்குத் தனியாக ஏ முதல் இ வரை தரம் போட்டிருப்பார்கள். ஏ-தான் மேல்.

அதிகமாக வாக்குவாதம் வருவது இந்த இடத்தில்தான். இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியதை எங்கே போடுவது? “முன்சக்கரம்தானே இழுக்குது, ஸ்டியரிங்கும் அங்கதானே இருக்கு. முன்னாடியே போடுங்கண்ணே” என்பார்கள். நான் பின்னால்தான் போடுவேன். ஈரச் சாலையில் முன்டயர் வழுக்கினால் கார் நேராகத் தள்ளிக்கொண்டு போகும். அது உடனே ஸ்டியரிங்கில் தெரியும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்டயர் வழுக்கினால் காரின் பின்பகுதி வீசிச் சுழலும். தெரியும்போதே கார் திரும்பியிருக்கும். பழகிய ஓட்டுநருக்கும் அதை மீட்பது கஷ்டம். அதனால் ஆழம் அதிகமுள்ள டயர் பின்னால், மீதமுள்ள நல்ல டயர் முன்னால். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயரும் ஒரே அளவாக, ஒரே வகையாக இருக்கட்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் கையேட்டைப் பாருங்கள். டயர்களின் விட்டத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலே கியர் பாகங்கள் கெட்டுவிடக்கூடும் என்பதால், அவற்றில் பலவற்றுக்கு நாலையும் சேர்த்து மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டயரில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கி உருளும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்தும் பேலன்ஸிங் முடிந்த பிறகு அலைன்மென்ட். நட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திரும்ப வந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், புது டயரின் மேல் வழவழப்பான ஒரு படலம் இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வேகத் திருப்பமும் திடீர் பிரேக்கும் வேண்டாம். காற்றைக் கார் ஓடாமல் ஆறியிருக்கும்போது பிடியுங்கள், கதவுத் தூண் ஒட்டுத்தாளில் இருக்கும் அளவுக்கு. டயரின் பக்கச் சுவரில் இருப்பது அதிகபட்ச அளவு, உங்கள் காருக்கான அளவு அல்ல.

அந்தப் பெண்மணிக்கு டை ராட் முனையை மாற்றி, டயரை மாற்றி, அலைன்மென்ட் பார்த்து அனுப்பினேன். மறுசோதனையில் கார் தேறிவிட்டது. ஆறு மாதம் கழித்துக் காற்றுப் பிடிக்க வந்தபோது, “அளந்து பாருங்க” என்று அவரே கேட்டார். உள் ஓரம், நடு, வெளி ஓரம், மூன்று இடத்திலும் 7 மி.மீ. இருந்தது.