குழந்தைக்கு மூத்திர அடைப்பு ஆபரேஷன்: காப்பீட்டு அட்டைக்கு அலையும் முன்

ஆண் குழந்தைக்கு மூத்திரம் பீய்ச்சி அடிக்க வேண்டும். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால், காரணம் தெரியாமல் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மூத்திரத் தாரையில் பிறவியிலேயே சவ்வு மறித்திருக்கலாம். நாள் தள்ளத் தள்ள சிறுநீரகம் கெடும்.

இந்த ஆபரேஷன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு குத்தகை விவசாயி. எட்டு மாதக் குழந்தை. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் பாஸ்புக்கில் ஏறியிருந்தது. அதை அப்படியே வருமானம் என்று எழுதிவிட்டார்கள். விதை, உரம், நடவுக்கூலி, அறுவடை மிஷின் வாடகை, குத்தகை எதையும் கழிக்கவில்லை. காப்பீட்டு அட்டைக்கான மனு தள்ளுபடி. அந்த அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் நடந்தார். துணிப்பையில் ஸ்கேன் படம் மடங்கிக் கிழிந்தே போயிற்று. நீங்கள் செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதி மனுவோடு சேர்த்தே கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு அந்த மறுப்புத் தாள் வேண்டும்.

குடும்ப அட்டையில் குழந்தை பெயர் இருக்கிறதா? பலர் இதில்தான் திரும்பி வருகிறார்கள். பிறப்புச் சான்று கைக்கு வந்ததும் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், தனியார் ஆஸ்பத்திரி வாசலில் காப்பீட்டு போர்டு தொங்கினால் போதாது. குழந்தை அறுவை சிகிச்சைக்கு அங்கே அனுமதி உண்டா என்று 1800 425 3993-இல் கேளுங்கள். முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள். இது பணம் கட்டாமல் செய்துகொள்ளும் திட்டம், கட்டிய காசு திரும்பும் என்று உறுதி இல்லை.

காப்பீட்டு அட்டை வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். தஞ்சாவூர், திருவாரூர் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அட்டை இல்லாவிட்டாலும் வைத்தியம் பார்த்தாக வேண்டும். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினால் பரிந்துரைச் சீட்டோடு அனுப்புவார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். சவ்வை எடுத்த பிறகும் பல வருஷம் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ஸ்கேனும் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, அசலை வீட்டிலேயே வையுங்கள்.