ஏழு எப்படி ஆறும்?

திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் 7. ஒன்றின் சூடு மற்றதில் இராது. போன கிழமை அங்கே ஒரு பொடியன் வாளியும் கையுமாக நின்று, "மாமா, இந்தத் தண்ணி ஆறாதோ?" என்று கேட்டான். "ஏழு எப்பிடி மருமகன் ஆறும்?" என்றார் மாமா. பொடியன் ஒரு கணம் முழித்தான். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

ஒரு சொல்லில் இரு பொருள் வைக்கும் சிலேடையின் விஷயமே அந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறது.

பல பொருள் உள்ள சொல் காதில் விழுந்தால், இடத்துக்குப் பொருந்துவதை மட்டும் மூளை எடுத்துக்கொள்ளும் என்றுதான் நினைப்போம். உளவியலாளர் டேவிட் சுவின்னி 1979இல் வெளியிட்ட சோதனை வேறு கதை சொன்னது. ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்கும் கருவியும் அதுவே. சிலந்தி, கரப்பான் என்று பூச்சிகளைப் பற்றியே பேசும் ஒரு பகுதியில் அந்தச் சொல்லை வைத்தார். அது ஒலித்த உடனே திரையில் 'எறும்பு' வந்தாலும், 'ஒற்றன்' வந்தாலும் கேட்டவர்கள் சட்டென்று இனங்கண்டார்கள். மூன்று அசை தள்ளிக் காட்டினால் எறும்புக்கு மட்டும்தான் அந்த வேகம். ஒற்றன் அதற்குள் கழன்றுவிட்டான்.

ஆக, எல்லாப் பொருளும் முதலில் எழும்பும். வேண்டாதது நமக்குத் தெரியாமலே அமுங்கும். தண்ணீர்ப் பேச்சில் அமுங்கிக் கிடந்த 'ஆறு' என்ற எண்ணை மாமாவின் 'ஏழு' தட்டி எழுப்பிவிட்டது.

பொருந்தாத சொல்லை மூளை உடனே பிடிக்கும். சூடான பாணில் காலுறையைப் பூசினான் என்ற மாதிரி வாக்கியங்களை மூளை ஆய்வாளர்கள் மார்த்தா குடாசும் ஸ்டீவன் ஹில்யார்டும் வாசிக்கக் கொடுத்தார்கள். காலுறை வந்து சுமார் 400 மில்லிசெக்கனில் மூளையின் மின் அலை மாறியதை 1980இல் எழுதினார்கள். காலுறை கடைசிவரை பொருந்தாது. சிலேடையில் முட்டிய சொல் இன்னொரு வழியால் வந்து பொருந்திவிடும்.

தமிழில் சொற்களைப் பிரித்தும் விளையாடலாம். இலக்கணக்காரர் இதைப் பிரிமொழிச் சிலேடை என்பார்கள். தாமரை என்றால் பூ. அதையே 'தா', 'மரை' என்று வெட்டினால் தாவும் மரை. மரை எங்களுக்கு அகராதிச் சொல் இல்லை, காட்டில் நிற்கிற பெரிய மான். (திருகோணமலைக் கோட்டைக்குள் திரிபவை புள்ளிமான்கள். அவற்றை மரை என்று சொன்னால் இங்கே சிரிப்பார்கள்.)

சொல் வேறு, பொருள் வேறு என்று பிள்ளைகளுக்குப் பிடிபட ஆறேழு வயதாகும். அதற்கு முன் ஓசைதான் இனிக்கும். அதனால்தான் நல்ல சிறுவர் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் பேரன் ஓசைக்குச் சிரிப்பான், அம்மம்மா பொருளுக்குச் சிரிப்பார். "வாளை மீன் வாலை வாழை இலையில் வை." வாய் திறக்காமல் வாசித்தாலும் இப்படியான வரியில் வேகம் குறையும். கண்ணால் படிக்கும்போதும் உள்ளே ஒரு குரல் ஓசையோடு வாசித்துக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, கன்னியாவுக்கு வருவோம். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த சிங்களக்காரர் ஒருவர் என்ன சிரிப்பு என்று கேட்டார். அவருடைய மொழியில் ஆறு என்ற எண்ணுக்கும் சூடு தணிவதற்கும் வெவ்வேறு சொல். நானும் பாடுபட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஓம், இது ஆறாதுதான் என்றார்.