வறட்சி முடிந்து பெய்யும் முதல் மழையும் ஆட்டுக்கிடையும்

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கோடையில் ஆடு மெலியும். ஆனால் அவ்வளவாகச் சாவதில்லை. மழை பெய்து தரவை (மேய்ச்சல் வெளி) பச்சை கட்டிய பிறகுதான் சாவு தொடங்கும். அதிலும் கிடையிலேயே கொழுத்த குட்டிதான் முதலில் விழும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அது தள்ளிப்போய், பிறகு சில நாளிலேயே மொத்தமாகக் கொட்டும் ஆண்டுகளில் இந்த ஆபத்து கூடும்.

முதல் எதிரி துள்ளுமாரி என்ற குடல் நோய். அதற்குக் காரணமான கிருமி ஆட்டின் குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். காய்ந்த சருகு தின்று பழகிய ஆடு திடீரென இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்தால், அது பெருகி நஞ்சைக் கக்கும். மாலையில் நன்றாக இருந்த குட்டி காலையில் கழுத்தை வளைத்தபடி செத்துக் கிடக்கும். மருந்து கொடுக்க நேரம் இருக்காது. தடுப்பூசி ஒன்றே வழி. முதல்முறை போடும் ஆடுகளுக்கு 2 முதல் 3 வாரம் விட்டு இரண்டாவது ஊசி வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒன்று. எதிர்ப்புத் திறன் உருவாகச் சுமார் இரண்டு வாரம் ஆகும் என்பதால் வேலையை ஆவணியிலேயே தொடங்கிவிடுங்கள். மழை விழுந்த பின் ஆளாய்ப் பறப்பதில் பயனில்லை. மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் கொண்டுவர வேண்டும், உறைந்துபோனாலும் கெட்டுவிடும். புட்டியை ஐஸ்கட்டியின் மேல் நேரடியாக வைத்துக் கொண்டுவருவது பலர் செய்யும் தவறு.

மழைக்குப் பின் முதல் வாரம் காலையில் வைக்கோலோ கடலைக்கொடியோ போட்டு, பனி காய்ந்ததும் பச்சைக்கு ஓட்டுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

சோளக் காட்டில் இன்னும் கவனம் தேவை. வறட்சியில் குன்றிய பயிரிலும், அறுத்த தாளில் மழைக்குப் பின் விடும் துளிரிலும் சயனைடு நஞ்சு கூடுதல். பூக்கும் முன் மேய விடாதீர்கள். அறுத்து நன்றாகக் காயவைத்தால் நஞ்சு பெருமளவு குறையும். மேய்ந்த சற்று நேரத்தில் ஆடு மூச்சு வாங்கி விழுந்தால், நஞ்சை முறிக்கும் ஊசி கைவசம் உள்ள கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். நிமிடக் கணக்கில் உயிர் போகும்.

சேற்றிலும் ஈரச் சாணத்திலும் பெருகும் சிறு கொசு போன்ற பூச்சி நீலநாக்கு நோயைப் பரப்பும். ஐந்து வகை வைரஸுக்கான தடுப்பூசி இருக்கிறது. அதுவும் மழைக்கு முன்பே. கிடையை மேட்டில் போட்டு, மாலையில் வேப்பிலைப் புகை மூட்டுங்கள். உதடு வீங்கி, மூக்கு ஒழுகி, நொண்டும் ஆடு தானாக மேயாது. கம்பங்கூழ் புகட்டினால் தேறும் வாய்ப்பு உண்டு.

திடீரென இறந்த ஆட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் கசிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். வெள்ளமும் மழையும் மண்ணிலிருந்து அந்தக் கிருமியை மேலே கொண்டுவரும், மனிதருக்கும் தொற்றும். அறுக்காதீர்கள், தோல் உரிக்காதீர்கள், கறிக்கு விற்காதீர்கள். மருத்துவரிடம் காட்டியபின், 6 அடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.