சைலன்சர் டிப் மாட்டும் முன் பம்பருக்கு அடியில் குனிந்து பாருங்கள்

போன மாதம் ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் பட்டறைக்கு வந்தது. "அண்ணா, பின்சீட்டுல உட்கார்ந்தா தலை வலிக்குதுன்னு அம்மா சொல்றாங்க. ஏசியைப் பாருங்க" என்றார் வண்டியைக் கொண்டுவந்த தம்பி. நான் பின்பக்கம் போய்க் குனிந்தேன். சைலன்சர் குழாயின் முனையில் அழகுக்காகப் புதிதாக மாட்டிய நாலு இன்ச் டிப் பம்பருக்குள்ளேயே அடங்கி நின்றது. அதற்கு நேர் மேலே பம்பரின் விளிம்பு அப்பளம் போலப் பொரிந்திருந்தது.

ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவு. டிப் உள்ளடங்கி இருந்தால் புகை விலகிப் போகாமல் அங்கேயே சுழலும். டிக்கி ரப்பர் தேய்ந்திருந்தால் உள்ளேயும் வரும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்றுதான் முதலில் தெரியும். அதனால்தான் டிப் விஷயத்தில் நான் அழகைக் கடைசியில் வைக்கிறேன். டிப்பின் வாய் பம்பர் விளிம்பைத் தாண்டி ஒரு சென்டிமீட்டராவது வெளியே நிற்க வேண்டும். சுற்றிலும் ஒரு விரல் நுழையும் இடைவெளியும் வேண்டும். சைலன்சர் ரப்பரில் தொங்குகிறது. ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் ஆடும். சூடேறினால் குழாய் சில மில்லிமீட்டர் நீளவும் செய்யும்.

"பெரிய டிப் போட்டா பவர் ஏறுமா?" ஏறாது. கடைசி ஒரு சாண் குழாயைப் பெரிதாக்குவதால் இன்ஜினுக்கு எந்த மாற்றமும் இல்லை. வாய் குறுகிய டிப் போட்டால் நஷ்டம்தான் வரும்.

அளவை ஊகிக்காதீர்கள். குழாய் ஆறிய பிறகு நூலைச் சுற்றி அளந்து 3.14 ஆல் வகுங்கள். 160 மி.மீ. வந்தால் வெளிவிட்டம் 51, அதாவது இரண்டு இன்ச். டிப்பின் உள்விட்டம் அதற்குப் பொருந்த வேண்டும். இந்த போலோவில் குழாயில் மாட்டும் பக்கம் டிப்பின் உள்விட்டம் இரண்டரை இன்ச். மீதி இடத்தில் தகரத்தைச் சுற்றி போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். கையால் அசைத்ததுமே ஆடியது.

பொருளைப் பற்றி ஒன்று. காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 கிரேடு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று கடையில் காட்டுவார்கள். நிக்கல் குறைந்த 201 கிரேடிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் அது சீக்கிரம் துரு ஏறும். பில்லில் கிரேடை எழுதி வாங்குங்கள். குரோம் பூசிய இரும்பு இன்னும் மோசம். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது, குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது குழாயில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும்.

டிப் மாட்டும்போதே சத்தத்தைக் குறைக்கும் மப்ளர் பெட்டியையும் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சத்த வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)படி முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு.

அந்த வண்டிக்கு 51 மி.மீ. டிப் எடுத்து, பம்பரைத் தாண்டி வைத்து வெல்டிங் அடித்தோம். டிக்கி ரப்பரையும் மாற்றினோம். பத்து நாள் கழித்து, அம்மாவுக்குத் தலைவலி இல்லை என்று தம்பி போன் செய்தார். பம்பரின் பொரிந்த விளிம்பு அப்படியேதான் இருக்கிறது.